கேபின் அழுத்தம் குலைந்து விழுந்த விமானம்: அறிகுறியிலிருந்து காரணத்தைத் தேடும் வழிமுறை

விமானப் பராமரிப்புக் கொட்டகையில் நான் கழித்த ஆண்டுகளில், விமானிகள் பதிவேட்டில் எழுதிவிட்டுப் போகும் புகார்களில் திரும்பத் திரும்ப வந்த ஒன்று "கேபின் அழுத்தம் சரியாக ஏறவில்லை" என்பது. சில நாள் அது "பின்கதவுப் பக்கம் விசில் சத்தம்" என்றிருக்கும். சில நாள் "காது அடைப்பதாகப் பயணிகள் சொன்னார்கள்" என்றிருக்கும். தேடிப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் அற்பமானதாகவே இருக்கும்: கதவின் ரப்பர்ச் சீலுக்குள் மடிந்துபோன கம்பள நுனி, முழுதாக மூடாத ஒரு வால்வு, யாரோ திருப்பிவிட்டுப் பழையபடி வைக்க மறந்த ஒரு குமிழ். தரையில் ஒரு நொடியில் சரிசெய்துவிடக்கூடிய அந்தக் கடைசிக் காரணம்தான், 2005 ஆகஸ்ட் 14 அன்று சைப்ரஸின் லார்னகாவிலிருந்து ஏதென்ஸ் வழியாகப் பிராக் செல்லப் புறப்பட்ட ஹீலியோஸ் ஏர்வேஸ் 522 என்ற போயிங் 737-300 விமானத்தில் இருந்த 121 பேரின் உயிரையும் வாங்கியது.

அந்த விமானம் தானியங்கி விமானியின் பிடியில் 34,000 அடிக்கு ஏறி, கேயா தீவின் மேல் வட்டமிட்டுக்கொண்டே இருந்து, எரிபொருள் தீர்ந்து, புறப்பட்டு ஏறக்குறைய 3 மணி நேரம் கழித்து, ஏதென்ஸுக்கு வடக்கே கிரம்மாட்டிகோ என்ற கிராமத்தின் அருகில் மலைச்சரிவில் விழுந்தது. இவ்வகை விபத்தின் கோப்பைத் திறப்பவர் எந்த அறிகுறியைக் கண்டால் எதை முதலில் சோதிக்க வேண்டும் என்பதை, அதையே முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு கீழே எழுதியிருக்கிறேன். விபத்து அறிக்கைகளைப் படிக்கப் பழகும் இளம் பராமரிப்புப் பொறியாளர்களை மனத்தில் வைத்தே எழுதியதால், அழுத்தத்தைப் பற்றிய பாடம் எதுவும் இதில் இல்லை. ஒரு சொல்லை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: பயணிகள் அறையின் அழுத்தம் எந்த உயரத்துக் காற்றுக்கு ஈடாக இருக்கிறதோ, அந்த உயரத்தையே "கேபின் உயரம்" என்கிறோம்.

எதையும் தொடுவதற்கு முன்

காரணங்களை மலிவானதிலிருந்து செலவு கூடியதை நோக்கித் தேடலாம். தடயங்களை அந்த வரிசையில் சேகரிக்கக் கூடாது. மலிவான காரணம் இருக்கும் இடம் காக்பிட்டின் சுவிட்சுப் பலகை. சிதைவுகளுக்கிடையே நடக்கும் மீட்புப் பணியாளர் ஒருவரின் பூட்ஸ் பட்டாலே குமிழ் ஒரு நிலையிலிருந்து மறுநிலைக்குப் போய்விடும். ஆகவே பலகையைக் கிடந்த நிலையிலேயே பல கோணங்களில் படமெடுக்க வேண்டும்; தூசியைத் துடைப்பது, குமிழைத் திருப்பிப் பார்ப்பது ஆகிய ஆசைகளைப் பின்னால் தள்ளிவைக்க வேண்டும்.

குமிழ் நின்ற நிலையை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லவும் கூடாது, ஏனெனில் மோதலின் விசையே அதைத் திருப்பியிருக்கலாம். அதற்குத் துணைச்சாட்சியாக நிற்பவை எச்சரிக்கை விளக்குகளின் பல்புகள். எரிந்துகொண்டிருந்த பல்பின் இழை சூட்டில் இளகியிருப்பதால் மோதும்போது நீண்டு சுருண்டுவிடும். அணைந்திருந்த பல்பின் இழை அப்படியே இருக்கும் அல்லது வெடுக்கென ஒடிந்திருக்கும். இதை வெறுங்கண்ணால் முடிவு செய்யாமல், பல்புகளைக் கழற்றாமல் பலகையோடு சேர்த்து ஆய்வகத்துக்கு அனுப்பிவிட வேண்டும்.

அறிகுறி: விமானம் முழுதாகப் பறக்கிறது, ரேடியோவில் பதில் இல்லை

இது 522இன் அறிகுறி. காலை 9:07க்குப் புறப்பட்ட விமானத்திலிருந்து கடைசிப் பேச்சு 9:20 அளவில் வந்தது. அப்போது அது 28,900 அடியில் ஏறிக்கொண்டிருந்தது. அதன் பிறகு எத்தனை முறை அழைத்தும் மறுமொழி இல்லை. கிரேக்க விமானப்படையின் இரண்டு எஃப்-16 விமானங்கள் 11:24க்கு அருகில் சென்று பார்த்தபோது, தலைமை விமானியின் இருக்கை காலியாக இருந்தது. துணை விமானி தன் இருக்கையில் சாய்ந்து கிடந்தார். பயணிகள் அறையில் ஆக்சிஜன் முகமூடிகள் தொங்கிக்கொண்டிருந்தன. விமானத்தின் வெளித்தோலில் ஓட்டையோ கிழிசலோ தென்படவில்லை.

வெளியிலிருந்து பார்த்தவர் சொல்லும் இந்தக் கடைசி வாக்கியத்தின் மதிப்பு மிகப் பெரியது. உடல் உடையவில்லை என்றால், கீழே நான்காவது அறிகுறியாக வரும் (நொடிகளில் நடக்கும் அழுத்த இழப்பு) செலவு மிகுந்த கிளை முழுவதையும் தற்காலிகமாக ஒதுக்கிவிடலாம்.

அடுத்துச் செய்ய வேண்டியது ஒரு கழித்தல் கணக்கு. விமானத்தின் உயரத்துக்கும் கேபின் உயரத்துக்கும் இடையே எவ்வளவு இடைவெளி இருந்தது என்று பாருங்கள். போயிங் 737இல் கேபின் உயரம் 10,000 அடியைத் தாண்டும்போது எச்சரிக்கை ஹாரன் ஒலிக்கும். 522இல் அது ஒலித்தபோது விமானம் 12,040 அடியில் இருந்தது. முகமூடிகள் கேபின் உயரம் 14,000 அடியை எட்டும்போது தானாக விழும். அவை விழுந்தபோது விமானம் சுமார் 18,000 அடியில் இருந்தது. அதாவது கேபின் உயரம் விமானத்தின் உயரத்தைத் தொடர்ந்தபடி, ஆனால் சற்றுப் பின்தங்கியே ஏறியிருக்கிறது. பெரிய ஓட்டை விழுந்திருந்தால் இரண்டும் நொடிகளில் ஒன்றாகியிருக்கும். உள்ளே காற்று வந்துகொண்டும், அதைவிட விரைவாக எங்கோ வெளியேறிக்கொண்டும் இருந்தது என்பதே இந்த இடைவெளியின் பொருள். இது தெரிந்துவிட்டால் தேட வேண்டிய இடங்கள் நான்காகச் சுருங்கிவிடுகின்றன.

*முதலில்: முறைத்தேர்வுக் குமிழ்*

கேபின் அழுத்தத்தை இயந்திரம் பார்த்துக்கொள்வதா விமானியா என்று தேர்ந்தெடுக்கும் குமிழ் இது. ஆட்டோ என்ற நிலையில் இருந்தால், கேபின் காற்றை வெளியே விடும் வெளியேற்று வால்வை இயந்திரமே திறந்து மூடிக்கொள்ளும். மேனுவல் என்ற நிலையில் இருந்தால் விமானி கையால் இயக்கும்வரை வால்வு இருந்த இடத்திலேயே நிற்கும். 522இன் சிதைவுகளில் குமிழ் மேனுவலில் கிடைத்தது. வெளியேற்று வால்வும் ஓரளவு திறந்த நிலையில் கிடைத்தது. இரண்டும் ஒன்றையொன்று உறுதிசெய்கின்றன.

குமிழ் தவறான நிலையில் இருந்தால் உடனே எழ வேண்டிய கேள்வி, அதைக் கடைசியாகத் தொட்ட கை எது என்பது. விமானத்தின் தொழில்நுட்பப் பதிவேட்டில் முந்தைய இரவின் பக்கத்தைத் திறந்து பாருங்கள். 522இல் அன்று அதிகாலை வந்து சேர்ந்த குழுவினர், வலப்பக்கப் பின் சேவைக்கதவின் சீல் உறைந்துபோவதாகவும் அங்கிருந்து பலத்த சத்தம் வருவதாகவும் எழுதியிருந்தார்கள். அதற்காகத் தரையில் அழுத்தக் கசிவுச் சோதனை நடத்தப்பட்டது. அந்தச் சோதனைக்குக் குமிழ் மேனுவலில் வைக்கப்பட வேண்டும். சோதனை முடிந்தபின் அது ஆட்டோவுக்குத் திரும்பவில்லை.

இந்தச் சோதனையை நானும் பலமுறை செய்திருப்பதால், அது எப்படி நடக்கிறது என்று எனக்குத் தெரியும். வால் பகுதியில் இருக்கும் துணை எஞ்சின் காற்றை உள்ளே தள்ளும். கேபின் மெல்ல இறுகும். காதுக்குள் ஒரு விரல் வைத்து அழுத்துவது போலிருக்கும். கதவுச் சட்டத்தை ஒட்டிப் புறங்கையைச் சாண் சாணாக நகர்த்திக்கொண்டு போனால், கசிவு இருக்கும் இடத்தில் ஊசிமுனையளவு குளிர் தட்டும். மனம் முழுக்க அந்தக் கதவில்தான் இருக்கும். அங்கே கசிவில்லை என்று தெரிந்ததும் ஒரு நிம்மதி வரும்; பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்கிவிடத் தோன்றும். குமிழோ விமானத்தின் மறுகோடியில், காக்பிட்டின் கூரைப் பலகையில், தலைக்கு மேலே இருக்கிறது.

*அடுத்து: காற்றை உள்ளே விடும் சுவிட்சுகள்*

எஞ்சினிலிருந்து காற்றை எடுக்கும் பிளீட் சுவிட்சுகளும், அதைக் குளிர்வித்துக் கேபினுக்கு அனுப்பும் பேக் சுவிட்சுகளும் அணைந்திருந்தால், வால்வு எவ்வளவு ஒழுங்காக வேலை செய்தாலும் பயனில்லை. இதுவும் மலிவான காரணமே. 2018 செப்டம்பர் 20 அன்று மும்பையிலிருந்து ஜெய்ப்பூருக்குப் புறப்பட்ட ஒரு 737இல் பிளீட் சுவிட்சுகள் போடப்படாததால் கேபின் அழுத்தம் ஏறவில்லை, முகமூடிகள் விழுந்தன, பல பயணிகளுக்கு மூக்கிலும் காதிலும் இரத்தம் கசிந்தது, விமானம் திரும்பி இறங்கியதால் உயிர்கள் தப்பின. இந்தக் கிளையில் குமிழ் ஆட்டோவிலேயே இருக்கும், ஆனால் உள்ளே வரும் காற்றே இருக்காது என்பதால் மேலே சொன்ன கழித்தல் கணக்கில் இடைவெளி இன்னும் குறுகலாக வரும்.

*பிறகு: வால்வும் கட்டுப்படுத்தியும்*

குமிழும் சுவிட்சுகளும் சரியாக இருந்தும் அழுத்தம் போயிருந்தால், வால்வு சிக்கிக்கொண்டதா, கட்டுப்படுத்தி தவறான கட்டளை கொடுத்ததா என்று பார்க்க வேண்டும். இந்த இடத்தில் கைக்கருவிகளைக் கீழே வைத்துவிடலாம். கட்டுப்படுத்திக்குள் இருக்கும் நினைவகச் சில்லு மின்சாரம் போன பிறகும் சில பதிவுகளைத் தாங்கியிருக்கும். அதைத் தயாரிப்பாளரின் ஆய்வகம் மட்டுமே சேதமின்றிப் படிக்க முடியும். கொட்டகையிலேயே மின்சாரம் கொடுத்துப் பார்க்கும் அவசரக்காரர், இருந்த ஒரே பதிவையும் அழித்துவிடக்கூடும்.

1999 அக்டோபர் 25 அன்று அமெரிக்காவின் ஆர்லாண்டோவிலிருந்து டல்லஸுக்குப் புறப்பட்டு, பதிலின்றிப் பறந்து, தெற்கு டக்கோட்டாவில் விழுந்த லியர்ஜெட்டின் கதை இந்தக் கிளையில் தேடல் எங்கே நின்றுபோகும் என்பதைக் காட்டுகிறது. கேபினுக்குக் காற்றை விடும் வால்வு மூடிய நிலையில் கிடைத்தது. அது ஏன் மூடியது என்பதை உறுதிசெய்ய முடியவில்லை. அழுத்தம் இழந்தபின் விமானிகளுக்கு ஆக்சிஜன் கிடைக்காததால் செயலிழந்தார்கள், அழுத்தம் இழந்ததற்கான காரணம் தெரியவில்லை என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் எழுதி முடித்தது. தெரியாததைத் தெரியாது என்று எழுதுவதற்கும் ஒரு துணிவு வேண்டும்.

*கடைசியில்: கதவும் சீலும்*

புகார் கதவைப் பற்றியது என்பதாலேயே எல்லோரும் கதவிடம் முதலில் ஓடுவார்கள். 522 ஆன இதே விமானம் 2004 டிசம்பரில் வார்சாவிலிருந்து வரும் வழியில் அழுத்தத்தை இழந்து அவசரமாக இறங்கியிருந்தது என்பதால், கதவின் மேலான சந்தேகம் நியாயமானதும்கூட. ஆனாலும் சீல் கசிவு மட்டும் ஓர் ஆரோக்கியமான அமைப்பை முழுதாகக் கவிழ்ப்பது அரிது. உள்ளே வரும் காற்று அதை ஈடுகட்டிவிடும். அதனால்தான் இதைக் கடைசியில் வைத்திருக்கிறேன்.

அறிகுறி: ஹாரன் ஒலித்தது, விமானம் ஏறிக்கொண்டே போனது

எச்சரிக்கை ஒலித்தும் விமானிகள் ஏறுவதை நிறுத்தவில்லை என்றால், "அவர்கள் கேட்கவில்லையா?" என்று தொடங்காதீர்கள். அந்த ஒலி வேறு எதற்கெல்லாம் பொதுவானது என்று தொடங்குங்கள். அந்த நாளைய 737இல் கேபின் உயர எச்சரிக்கைக்கும், புறப்படும்போது சிறகு மடல் போன்றவை தவறான நிலையில் இருந்தால் எழும் எச்சரிக்கைக்கும் ஒரே ஹாரன், ஒரே விட்டுவிட்டு ஒலிக்கும் சத்தம். இரண்டாவது எச்சரிக்கை விமானம் தரையில் இருக்கும்போது மட்டுமே ஒலிக்கும். பணிவாழ்க்கையில் அந்தச் சத்தத்தைத் தரையில் மட்டுமே கேட்டுப் பழகிய ஒருவரின் காது, 12,000 அடியிலும் அதற்குப் பழைய பெயரையே வைக்கிறது. 522இன் தலைமை விமானி நிறுவனத்தின் தரைப்பணி மையத்தை ரேடியோவில் அழைத்து, புறப்பாட்டு எச்சரிக்கை ஒலிப்பதாகவே சொன்னார்.

சோதிக்க வேண்டியவை இந்த வரிசையில் வரும்.

முதலில் ரேடியோ உரையாடலின் ஒலிப்பதிவு. அது தரையில் பத்திரமாக இருக்கும், செலவில்லை. அதில் விமானி எந்தப் பெயரால் கோளாற்றைக் குறிப்பிட்டார் என்று பாருங்கள்.

இரண்டாவதாக, அதே நேரத்தில் எழுந்த மற்ற எச்சரிக்கைகள். 522இல் மின்னணுக் கருவிகளின் குளிர்விப்பு பற்றிய விளக்கும் எரிந்தது. காற்று மெலிந்துபோனால் குளிர்விக்கும் காற்றோட்டத்தை உணரும் கருவி, ஓட்டம் குறைந்துவிட்டதாகக் கருதி எச்சரிக்கும். நோயின் விளைவாக வந்த இன்னோர் அறிகுறி அது. விமானியோ அதையே நோயென்று எடுத்துக்கொண்டார். கேபின் அழுத்தக் குமிழ் ஆட்டோவில் இருக்கிறதா என்று தரையிலிருந்த பொறியாளர் கேட்டதாகவும், குளிர்விப்புக்கான மின்சுற்றுத் துண்டிப்பான்கள் எங்கே இருக்கின்றன என்ற கேள்விதான் பதிலாக வந்ததாகவும் பின்னர் சொல்லப்பட்டது. அந்தத் துண்டிப்பான்கள் தலைமை விமானியின் இருக்கைக்குப் பின்னால் இருக்கின்றன. போர்விமானிகள் கண்ட காலியான இருக்கைக்கு இதைவிட எளிய விளக்கம் வேண்டியதில்லை.

மூன்றாவதாக, உடல்நிலை. ஆக்சிஜன் குறைவு மெல்ல வரும்போது வலி இருக்காது, மூச்சுத் திணறலும் இருக்காது. சிந்தனை மங்கும், ஆனால் மங்குவது மங்குகிறவருக்குத் தெரியாது. 18,000 அடியில் ஒருவர் அரைமணி வரை சமாளிக்கலாம்; 25,000 அடியில் 3 முதல் 5 நிமிடம்; 34,000 அடிக்கு வந்தால் ஒரு நிமிடமும் உறுதியில்லை. உரையாடலில் பேச்சு குழைகிறதா, ஒரே கேள்வி திரும்ப வருகிறதா, பதில் கேள்வியிலிருந்து நழுவுகிறதா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். அதற்கு மேல் முடிவு செய்வதை விமான மருத்துவ நிபுணரிடம் விட்டுவிட வேண்டும்.

காக்பிட் குரல் பதிவியை நான்காவதாக வைப்பதைப் பார்த்து வியப்படைய வேண்டாம். 522இல் அது கடைசி 30 நிமிட ஒலியை மட்டுமே வைத்திருந்தது. ஹாரன் முதலில் ஒலித்த அந்தச் சில நிமிடங்கள், விபத்தின் உயிர்நாடியான நிமிடங்கள், மேலெழுதப்பட்டு அழிந்துபோயிருந்தன.

அறிகுறி: பயணிகளின் முகமூடிகள் விழுந்தன, காக்பிட்டில் அசைவில்லை

பயணிகளின் முகமூடிக்கு ஆக்சிஜன் தருபவை வேதிப்பொருள் கலன்கள்; அவை சுமார் 12 நிமிடம் மட்டுமே தாக்குப்பிடிக்கும். அதற்குள் விமானம் 10,000 அடிக்கு இறங்கிவிடும் என்ற எண்ணத்தில் செய்யப்பட்டவை. விமானம் இறங்காமல் ஏறிக்கொண்டிருந்தால் முகமூடி அணிந்தவரும் அணியாதவரும் கடைசியில் ஒரே நிலைக்கு வந்துவிடுவார்கள்.

சோதனை எளியது. கலன்கள் எத்தனை எரிந்திருக்கின்றன என்று எண்ணுங்கள். எரிந்த கலனின் உறை சூட்டில் நிறம் மாறியிருக்கும். காக்பிட்டில் விமானிகளுக்கென்று உள்ள முகமூடிகள் பெட்டியிலிருந்து எடுக்கப்பட்டனவா என்று பாருங்கள். பணிக்குழுவினர் கையில் எடுத்துச்செல்லும் ஆக்சிஜன் உருளைகளின் வால்வுகள் திறந்திருக்கின்றனவா என்பதைத் தனியே குறியுங்கள். யாராவது மற்றவர்களைவிட நெடுநேரம் நினைவோடு இருந்தார்களா என்பதை அவைதான் சொல்லும். 522இல் அப்படி ஒருவர் இருந்தார். காலை 11:49க்கு விமானப் பணியாளர் ஒருவர் காக்பிட்டுக்குள் நுழைந்து தலைமை விமானியின் இருக்கையில் அமர்வதைப் போர்விமானி கண்டார். ஏறக்குறைய அதே கணத்தில் எரிபொருளின்றி இடது எஞ்சின் நின்றது. சுமார் 10 நிமிடம் கழித்து வலது எஞ்சினும் நின்றது. தளர்ந்த குரலில் உதவி கேட்ட "மேடே" அழைப்பு குரல் பதிவியில் இருந்தது; அதை வெளியே யாரும் கேட்கவில்லை.

அறிகுறி: பெருஞ்சத்தம், கேபினில் வெண்மூட்டம், உடனே கட்டுப்பாடு போனது

நொடிகளில் நடந்த அழுத்த இழப்பு இது. இந்தக் கிளையில் செலவு படிப்படியாக ஏறும். பொறுமையும் அதே அளவு வேண்டும். முதல் வேலை, சிதைவுகள் கிடந்த இடங்களை வரைபடத்தில் குறிப்பது. பறந்து வந்த பாதையில் முன்னதாகக் கிடக்கும் துண்டே முதலில் கழன்ற துண்டு. 1974 மார்ச் 3 அன்று பாரிஸுக்கு அருகே எர்மனோன்வில் காட்டில் விழுந்த துருக்கிய டிசி-10இன் பின் சரக்குக் கதவு, ஆறு பயணிகளின் உடல்களோடு, காட்டிலிருந்து பல கிலோமீட்டர் முன்பே வயலில் கிடந்தது. அதன் பிறகு கதவைத் தவிர வேறு எங்கும் தொடங்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

*போல்ட்டுகள்*

1990 ஜூன் 10 அன்று பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390இன் காக்பிட் கண்ணாடி 17,300 அடியில் பிய்த்துக்கொண்டு போனபோது, தலைமை விமானி பாதி உடல் வெளியே இழுபட்ட நிலையில் உயிர் தப்பினார். கண்ணாடி புறப்பாட்டுக்கு ஒரு நாளுக்குச் சற்று முன்னர்தான் மாற்றப்பட்டிருந்தது; அதைப் பிடித்திருந்த 90 போல்ட்டுகளில் 84 உரியதைவிடச் சற்று மெலிந்தவை. வித்தியாசம் ஓர் அங்குலத்தில் 0.026, பழைய போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணால் ஒப்பிட்டால் பிடிபடாத அளவு. ஆகவே சந்தேகப்படும் போல்ட்டைக் கண்ணால் பார்க்காதீர்கள், மைக்ரோமீட்டரால் அளந்து, கிடங்கிலிருந்து எடுத்த சீட்டோடு ஒப்பிடுங்கள். இந்தக் கிளையில் மிக மலிவான சோதனை இதுவே.

*சரக்குக் கதவு*

கதவு திறந்துகொண்டது என்று தெரிந்தால், தரைப்பணியாளர் சரியாகப் பூட்டவில்லை என்று எழுதிவிடும் ஆசை வரும். 1989 பிப்ரவரி 24 அன்று ஹொனலுலுவிலிருந்து புறப்பட்ட யுனைட்டட் 811இன் முன் சரக்குக் கதவு பிய்ந்து 9 பேர் இறந்த வழக்கில் முதல் அறிக்கை ஏறக்குறைய அதையே சொன்னது. 1990இல் கதவைப் பசிபிக் கடலின் அடியில், 14,000 அடிக்கும் மேலான ஆழத்திலிருந்து எடுத்தபோது கதை மாறியது; மின் சுவிட்சு அல்லது கம்பியில் ஏற்பட்ட கோளாறு பூட்டைத் தானாகத் திறக்கச் செய்திருக்கலாம் என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் தன் முடிவையே திருத்தி எழுதியது. கதவு கையில் கிடைக்கும் முன் யாருடைய கையையும் குற்றம் சொல்லக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

*பழைய பழுதுபார்ப்பு*

விமானத்தின் பிறப்பிலிருந்து எல்லாப் பதிவேடுகளையும் வரவழையுங்கள்; வால் தரையில் உரசிய சம்பவம் ஏதேனும் இருக்கிறதா என்று தேடுங்கள். 1985 ஆகஸ்ட் 12 அன்று ஜப்பான் ஏர்லைன்ஸ் 123இல் 520 பேர் இறந்ததற்கான வேர் 1978இல் இருந்தது. அந்த ஆண்டு வால் உரசியதால் சேதமடைந்த, கேபினின் பின்முனையை அடைக்கும் அழுத்தத் தடுப்பைப் பழுதுபார்த்தபோது, இரண்டு வரிசை ரிவெட்டுகள் தாங்க வேண்டிய சுமையை ஒரே வரிசை தாங்கும்படி இணைப்புத் தகடு வெட்டிப் பொருத்தப்பட்டிருந்தது. அது ஏழு ஆண்டுகள் தாங்கியது என்பதே ஆச்சரியம்.

2002 மே 25 அன்று தைவான் நீரிணையில் வானிலேயே சிதறிய சைனா ஏர்லைன்ஸ் 611இன் கதையும் இதுவே: 1980இல் வால் உரசல், கீறல் விழுந்த தோலை வெட்டியெடுக்காமல் அதன் மேலேயே ஒட்டுத்தகடு, 22 ஆண்டுகள் கழித்து 225 உயிர்கள். விபத்துக்குச் சில மாதங்களுக்கு முன் எடுத்த ஆய்வுப் படங்களில் அந்த ஒட்டுத்தகட்டைச் சுற்றிப் பழுப்புக் கறைகள் தெரிந்தன. பயணிகள் கேபினில் புகைபிடித்த காலத்துச் சிகரெட் புகை, விரிசல் வழியே கசிந்து வெளித்தோலில் படிந்த கறை அது. கறையைக் கண்டால் துடைத்துவிட்டுப் போவது நம் தொழிலின் பழக்கம். துடைப்பதற்கு முன் அது எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று ஒரு நொடி பார்த்தால் போதும்.

*தகட்டின் சோர்வு*

அழுத்தம் திரும்பத் திரும்ப ஏறி இறங்குவதால் உலோகத் தகட்டில் விரிசல் வளர்வதையே சோர்வு என்கிறோம். இது எல்லாவற்றையும்விடச் செலவானது; இங்கே பராமரிப்புப் பொறியாளரின் வேலை துண்டுகளைச் சேதமின்றிக் கட்டி அனுப்புவதோடு முடிகிறது. உடைந்த இரு விளிம்புகளையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கவே கூடாது. அப்படிச் செய்தால் உலோகவியலாளர் நுண்ணோக்கியில் தேடும் வரிகள் தேய்ந்துவிடும். 1954 ஜனவரியிலும் ஏப்ரலிலும் இத்தாலிக் கடற்பகுதியில் விழுந்த இரண்டு காமெட் விமானங்களின் காரணத்தை அறிய, இன்னொரு காமெட்டை முழுதாக நீர்த்தொட்டிக்குள் வைத்து ஃபார்ன்பரோவில் அழுத்தத்தை ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. நிறுவனமொன்று தனியாகத் தாங்கும் செலவல்ல அது. 1988 ஏப்ரல் 28 அன்று 24,000 அடியில் மேற்கூரையை இழந்தும் மாவி தீவில் இறங்கிய அலோஹா 243 அதற்குள் 89,680 பறப்புகளைக் கடந்திருந்தது. ஏறும்போதே கதவருகே விரிசலைக் கண்டதாகப் பயணி ஒருவர் பிறகு சொன்னார். அப்போது அதை யாரிடமும் சொல்லவில்லை.

அறிகுறி: சொல்லப்படும் செய்தி தடயத்தோடு ஒட்டவில்லை

522 விழுந்த அன்றே, உடல்கள் உறைந்து கட்டையாக இருந்தன என்றும், பயணி ஒருவர் விமானியின் முகம் நீலமாகிவிட்டதாகக் குறுஞ்செய்தி அனுப்பினார் என்றும் செய்திகள் பரவின. குறுஞ்செய்திக் கதையைச் சொன்னவர் பொய் சொன்னது தெரிந்து கைது செய்யப்பட்டார். பிரேதப் பரிசோதனையோ, மோதும் நேரத்தில் உடலில் இதயத் துடிப்பு இருந்ததைக் காட்டியது. நினைவு இருந்ததாக அதற்குப் பொருள் இல்லை. இத்தகைய வாக்குமூலங்களைக் கோப்பில் சேர்க்கலாம், ஆனால் தடயவியல் மருத்துவரின் அறிக்கை வரும்வரை அவற்றின் மேல் எந்தக் கிளையையும் திறக்கக் கூடாது.

அறிகுறி: குமிழ் கிடைத்துவிட்டது, கோப்பு மூட மறுக்கிறது

மலிவான காரணம் முதல் வாரத்திலேயே கிடைத்துவிடும் விபத்துகளில்தான் இந்தக் கடைசி அறிகுறி வரும். சோதனை முடித்தவர் குமிழைத் திருப்பவில்லை என்பது உண்மையாக இருக்கட்டும். அதன் பிறகு விமானிகள் அந்தப் பலகையைப் புறப்பாட்டுக்கு முந்தைய பட்டியலில் ஒருமுறை, எஞ்சினை இயக்கும் கட்டத்தில் ஒருமுறை, மேலெழும்பிய பின் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். மேனுவல் நிலையைக் காட்டும் பச்சை விளக்கும் அங்கே எரிகிறது. மூன்று முறையும் ஒரே குமிழ் எப்படித் தப்பியது?

இந்தக் கேள்விக்குப் பொறியியல் கருவிகள் உதவாது. மனிதக் காரணிகளை ஆராயும் நிபுணரை அழைக்க வேண்டிய இடம் இது. அவர் வரும் முன் நீங்கள் திரட்டிவைக்கக்கூடியவை: சரிபார்ப்புப் பட்டியலின் அச்சுப் பிரதி, அதில் அழுத்தப் பலகை எத்தனையாவது வரி என்பது, இரு விமானிகளின் பயிற்சிப் பதிவுகள், நிறுவனத்தின் முந்தைய தணிக்கைக் குறிப்புகள், இதே ஹாரனை மற்ற விமானிகள் தவறாகப் புரிந்துகொண்ட முந்தைய நிகழ்வுகள். பச்சை நிறம் நம் தொழிலில் பொதுவாக "எல்லாம் சரி" என்பதைக் குறிக்கும். விளக்கின் நிறத்தையும் அந்தப் பட்டியலில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுவேன்.

கிரேக்கப் புலனாய்வாளர்கள் அதே வகை விமானத்தில் அதே வழியில் பறந்து சோதித்துப் பார்த்தார்கள். 2006இல் வெளியான அவர்களுடைய அறிக்கை, குமிழ் மேனுவலில் இருந்ததை விமானிகள் கவனிக்காததையும் எச்சரிக்கைகளை அடையாளம் காணாததையும் நேரடிக் காரணங்களாகச் சொல்லிவிட்டு, அங்கேயே நிற்கவில்லை. நிறுவனத்தின் பாதுகாப்புப் பண்பாட்டில் இருந்த குறைகள், ஒழுங்குமுறை ஆணையத்தின் மேற்பார்வைக் குறைவு, இதே வகையான முந்தைய சம்பவங்களுக்குப் பிறகு தயாரிப்பாளர் எடுத்த நடவடிக்கைகளின் போதாமை ஆகியவற்றை மறைமுகக் காரணங்களாக வரிசைப்படுத்தியது.

2011இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம், ஒரே ஹாரனின் இரு பொருள்களையும் பிரித்துக் காட்டும் இரண்டு தனி எச்சரிக்கை விளக்குகளை 737களில் பொருத்த உத்தரவிட்டு, அதற்கு 2014 வரை கெடு கொடுத்தது. எனவே அதற்குப் பிந்தைய விபத்து உங்கள் மேசைக்கு வந்தால், காக்பிட் பலகையைப் படமெடுக்கும்போது இந்த இரு விளக்குகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பொருத்திய தேதி பதிவேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆய்வகத்துக்குப் போகும் பல்புகளின் பட்டியலில் இவற்றின் பெயரை முதலில் எழுதுங்கள்.